மூன்றாவது குழாய்

முத்தூர் தாண்டி, கிளுவை வேலி உடைந்த இடத்தில்
ஜீப்பை நிறுத்தச் சொன்னாள் மயிலாத்தாள்.
"இதுக்கு மேல வண்டி வராதுங்க.
பொட்டிய நான் தூக்கிக்கிறனுங்க."
பெட்டி கனமில்லை.
பேட்டரிதான் கனம். அதை நான் சுமந்தேன்.

செவலைக்கு மூன்று நாளாய்க் காய்ச்சல்.
கொழுக்கட்டைப் புல்லை மோந்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
தோளுக்கு முன்னால் எலுமிச்சங்காய் அளவு வீக்கம்.
காது மடலை விரித்தால்
ஆமணக்கங்கொட்டை போல உண்ணிகள்,
குடித்து முடித்தும் இடத்தைக் காலி செய்யாமல்.

போன ஆனியில் இதே கட்டுத்தரையில்
இதன் தாய்.
ரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டைத்
தாளில் சுற்றி நாமக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.
ஐந்தாம் நாள் பதில் வந்தது.
நோயின் பெயர், கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரி.
மாட்டைப் புதைத்த மண்ணில்
அன்றைக்கும் ஈரம் காயவில்லை.
மயிலாத்தாள் அந்தத் தாளை நாலாய் மடித்துப்
பால் சொசைட்டி நோட்டுக்குள் வைத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

இன்றைக்கு மூன்று குழாய்கள்.
மூன்று நோய்க்கும் ஒரே காய்ச்சல், ஒரே வாடிய கண்.
மருந்து மட்டும் வேறு வேறு.
ஒரு சொட்டு ரத்தம்,
அறுபத்தைந்து டிகிரி சூடு,
அரை மணி நேரம்.

"உள்ளுக்குள்ள என்னங்க நடக்குது?"

"கிருமி இருந்தா, அதுல ஒரு துணுக்கைப் புடிச்சு
ரெண்டாக்கும். ரெண்டை நாலாக்கும்.
கண்ணுக்குத் தெரியற வரைக்கும் பெருக்கும்."

"வட்டிக்கு வட்டியாட்டங்களா?"

"அதேதானுங்க."

"அப்ப எனக்குத் தெரியுமுங்க" என்றாள்,
வெள்ளகோயிலில் கறவைக்குக் கடன் வாங்கியவள்.
எனக்கு அது விளங்க
இரண்டு வருடப் படிப்பு ஆனது.

வெள்வேல மரத்து நிழல்
பெட்டியை விட்டு விலகியது. நகர்த்தி வைத்தேன்.
முதல் குழாய் ரோஜா நிறம். இரண்டாவதும்.
மூன்றாவது
பத்தொன்பதாம் நிமிடம் ஓரத்தில் வெளுத்து
இருபத்திரண்டில் மஞ்சள்.
எந்த மங்கலமும் இல்லாத மஞ்சள்.
அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது,
அதை மறைத்துக்கொண்டேன்.

ஊசி போடக் கயிற்றைக் கைமாற்றினோம்.
அவள் விரல் பட்டது.
செவலையின் காதைவிடச் சூடு.

"எத்தனை நாளாங்க?"

"அது கெடக்குதுங்க, நாலு நாளா. நீங்க மாட்டைப் பாருங்க."

பின்கழுத்தில், முடி தொடங்கும் இடத்தில்
கறுத்த பொருக்கு ஒன்று,
பீடிக் கங்கு வைத்து எடுத்தாற்போல.

பெட்டியில் இன்னும் ஐந்து குழாய்கள் இருந்தன.
ஐந்தும் மாட்டுக்கு எழுதியவை.
அவள் ரத்தத்தை விட்டால்
ரோஜா நிறத்திலேயே நிற்கும்.
நின்றால் நலம் என்று ஆகிவிடாது.
தனக்குத் தேடச் சொல்லாத ஒன்றை
அது இல்லை என்றே சொல்லும்.

காங்கேயம் ஆஸ்பத்திரியில்
இரவுப் பணி டாக்டர், சின்னப் பெண்,
டார்ச் அடித்துப் பொருக்கைப் பார்த்தாள்.
"சாம்பிள் கோயமுத்தூர் போய் வர நாலு நாள்.
அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது" என்று
மாத்திரையை எழுதிவிட்டாள்.
எழுதிய கை ஒரு கணம் நின்றதையும் பார்த்தேன்.

"எனக்கு அந்தக் கொழா இல்லீங்களா?"

இல்லீங்க என்றேன்.
சீட்டை நாலாய் மடித்தாள்.
அந்த நோட்டை எடுத்து வந்திருந்தாள்.
"செவலைக்கு நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

வீட்டில் சட்டையைக் கழற்றும்போது
கைமடிப்பில் ஓர் உண்ணி.
தட்டையாய், பசியோடு, இன்னும் யாரையும் கடிக்காமல்.
சீசாவில் போட்டு மூடி
லேபிளில் தேதி எழுதினேன், ஊர் எழுதினேன்.
நோய் என்ற இடத்தில் பேனாவை வைத்து
எடுத்துவிட்டேன்.
அது உள்ளே கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது.